கடாசில்: குடும்பத்தார் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

மருத்துவர் 'கடாசில்' என்று எழுதிக் கொடுத்த அன்றே வீட்டில் கேள்விகள் தொடங்கிவிடுகின்றன. மரபணு ஆலோசனைப் பணியில் அவற்றையே வெவ்வேறு குரல்களில் கேட்டு, ஒரே பதிலைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். இனி எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியதன் விளைவு இது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன். மருந்தைத் தொடங்குவது, நிறுத்துவது, அளவை மாற்றுவது ஆகியவற்றை உங்கள் நரம்பியல் மருத்துவரிடம்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்படியொரு பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறோம். இது என்ன நோய்?

மூளையின் ஆழத்துக்குச் செல்லும் மிக மெல்லிய தமனிகளின் சுவர், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கெட்டுப்போகும் பரம்பரை நோய். அதனால் மூளைக்குள் சிறு சிறு அடைப்புகள் ஏற்படுகின்றன. வெண்பொருள் எனப்படும் நரம்பிழைப் பகுதி சிதைகிறது. 'கடாசில்' என்பது இதையெல்லாம் விவரிக்கும் ஒரு நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 1993-இல் வழக்குக்கு வந்த சொல்.

அதற்குக் காரணமான மரபணுவை 1996-இல் பாரிஸில் ஆன் ஜூட்டெல், எலிசபெத் டூர்னியே-லாஸெர்வ் ஆகியோர் அடங்கிய குழு கண்டறிந்தது. 19-ஆம் குரோமோசோமில் இருக்கும் அந்த மரபணுவின் பெயர் நாட்ச்-3. அதற்கு முன்பும் இந்த நோய் இருந்தது. ஆனால் 'இளவயதுப் பக்கவாதம்', 'சீக்கிரம் வந்த மறதிநோய்', 'மனநோய்' என்று வேறு வேறு பெயர்களில் மறைந்திருந்தது. உங்கள் தாத்தாவின் கதையை இப்போது திரும்பிப் பார்த்தால் சில விஷயங்கள் புரியக்கூடும்.

கொழுப்பு அடைத்து வரும் பக்கவாதம்தானே இதுவும்?

இல்லை. கழுத்திலோ இதயத்திலோ உள்ள பெரிய குழாய்களில் கொழுப்பு படிவது வேறு கதை. கடாசிலில் பெரிய குழாய்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெடுவது நுண்தமனிகளைச் சுற்றி வளையம் போல அமைந்த மென்தசைச் செல்கள். அவைதான் தேவைக்கேற்பக் குழாயை விரித்தும் சுருக்கியும் இரத்த ஓட்டத்தைச் சரிசெய்பவை. அவை அழிந்த இடத்தில் நார்த்திசு நிரம்புகிறது. சுவர் தடித்து விறைத்துவிடுகிறது. அதனால்தான் கொலஸ்டிரால் அளவு கச்சிதமாக இருப்பவருக்கும் பக்கவாதம் வருகிறது. 'எண்ணெயே சேர்க்காதவருக்கு எப்படி?' என்று கேட்டவருக்கும் இதுதான் பதில்.

ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் இவ்வளவு கேடு வருமா?

வரும், மாறும் இடத்தைப் பொறுத்து. நாட்ச்-3 புரதம் மென்தசைச் செல்லின் மேற்பரப்பில் நிற்கிறது. செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் ஒரே அச்சில் வார்த்தது போன்ற 34 கண்ணிகள் உண்டு. ஒவ்வொரு கண்ணியிலும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஆறு இருக்கும். ஆறு பேர் இரண்டிரண்டாகக் கைகோத்து நிற்பது போல, அவை மூன்று இணைப்புகளாகக் கோத்துக் கண்ணிக்கு உருவம் தருகின்றன.

கடாசிலை உண்டாக்கும் மரபணு மாற்றங்களில் ஏறக்குறைய எல்லாமே இந்த எண்ணிக்கையைத்தான் கலைக்கின்றன. ஆறு ஐந்தாகும், அல்லது ஏழாகும். இரண்டிலும் ஒன்று துணையின்றி மிஞ்சும். துணையற்ற அந்தச் சிஸ்டீன் பக்கத்தில் இருக்கும் புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. இப்படிச் சேர்ந்த திரள் கரையாமல் மென்தசைச் செல்களைச் சுற்றிப் படிகிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தப் படிவு கருமையான குருணை போலத் தெரியும். நாட்ச்-3 தன் வழக்கமான வேலையைச் செய்யாமல் போவதைவிட, இந்தப் படிவு சேர்வதே முதன்மையான தீங்கு என்று ஆய்வாளர்களில் பலர் கருதுகிறார்கள்.

அந்தப் படிவு உடம்பு முழுவதும் இருக்கிறது என்கிறார்கள். பிறகு ஏன் மூளை மட்டும் பழுதாகிறது?

நல்ல கேள்வி, மருத்துவ மாணவர்களும் இங்கே தடுமாறுவார்கள். தோலின் குழாய்களிலும் தசையின் குழாய்களிலும் படிவு உண்டு. மரபணுச் சோதனையின் முடிவு தெளிவாக இல்லாதபோது தோலிலிருந்து ஒரு சிறு துண்டு எடுத்துப் பார்ப்பதும் இதனால்தான். ஆனால் தோலுக்கு மாற்று வழிகள் ஏராளம். மூளையின் ஆழப் பகுதிக்குப் போகும் நுண்தமனிகளோ முட்டுச்சந்துகளைப் போன்றவை. ஒன்று அடைபட்டால் அந்தத் துணுக்குக்கு வேறு வழியாக இரத்தம் வந்து சேராது.

மூளை உடல் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடுதான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு என்று அதனிடம் எதுவும் இல்லை. எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அந்தப் பகுதிக்கு அந்த நொடியிலேயே கூடுதல் இரத்தம் போக வேண்டும். விறைத்த குழாயால் அது முடியாது. முழு அடைப்பு ஏற்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வெண்பொருள் இப்படிப் பட்டினி கிடக்கத் தொடங்கிவிடுகிறது.

முதலில் என்ன தெரியும்? எந்த வயதில்?

பலருக்கு முதலில் வருவது தலைவலி, குறிப்பாக முன்னறிகுறியோடு வரும் ஒற்றைத் தலைவலி. கண்முன் வளைந்து நெளியும் ஒளிக்கோடு, கை மரத்து அது முகத்துக்கு ஏறுதல், சற்று நேரம் சொல் வராமல் திணறுதல், பிறகு வலி. கடாசில் உள்ளவர்களில் 20 முதல் 40 விழுக்காட்டினருக்கு இது இருக்கிறது. சராசரியாக 30 வயதையொட்டித் தொடங்குகிறது. மூளையின் மேற்புறணியில் நரம்புச் செயல்பாடு கொந்தளித்து உடனே அடங்கும் ஓர் அலை நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்வதே இந்த முன்னறிகுறிக்குக் காரணம். நாட்ச்-3 மாற்றம் புகுத்தப்பட்ட எலிகளில் அந்த அலை எளிதில் கிளம்புவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

பக்கவாதமும், சில மணி நேரத்தில் சரியாகிவிடும் தற்காலிகப் பக்கவாதமும் சராசரியாக 45 முதல் 50 வயதுக்குள் தலைகாட்டுகின்றன. சராசரி என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படியுங்கள். முப்பதிலும் வந்திருக்கிறது, எழுபதுவரை வராமலும் இருந்திருக்கிறது.

அம்மா இரண்டு நாள் யாரையும் அடையாளம் தெரியாமல் குழம்பிக் கிடந்தார். பிறகு முழுதாகத் தெளிந்துவிட்டார். அது பக்கவாதமா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கடாசில் உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இப்படி ஒரு மூளைக் கலக்கம் வருகிறது. பெரும்பாலும் ஒற்றைத் தலைவலியில் தொடங்கி, குழப்பம், காய்ச்சல், வலிப்பு, சில வேளைகளில் நினைவிழப்புவரை போகும். பார்ப்பவர்கள் மூளைத்தொற்று என்றே நினைப்பார்கள். பெரும்பாலோர் ஓரிரு வாரங்களுக்குள் பழையபடி ஆகிவிடுகிறார்கள்.

ஆனால் வீட்டில் இருந்தபடி இதைப் பிரித்தறிய முயலாதீர்கள். முகம் கோணினாலும், கை விழுந்தாலும், பேச்சு குழறினாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். 'போன முறை தானாகச் சரியானது' என்று காத்திருந்து நேரத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆள் நன்றாக நடக்கிறார், பேசுகிறார். எம்.ஆர்.ஐ-யில் மட்டும் எங்கும் வெள்ளையாக இருக்கிறது. எதை நம்புவது?

இரண்டையும். வெண்பொருளின் இந்த வெள்ளைத் திட்டுகள் பெரும்பாலும் இருபதுகளிலேயே தொடங்கிவிடுகின்றன. மாற்றம் உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் 35 வயதுக்குள் ஏதாவது தெரிந்துவிடும் என்பதே நெடுங்காலமாக மருத்துவர்கள் கண்டது. காதுக்கு முன்புறம் உள்ள பொட்டுமடலின் நுனியில் வெள்ளை தெரிந்தால், அனுபவமுள்ள கதிரியல் மருத்துவர் உடனே கடாசிலை நினைப்பார். சாதாரண இரத்த அழுத்த நோயில் அந்த இடம் பெரும்பாலும் தப்பிவிடும்.

வெள்ளைத் திட்டின் பரப்பை வைத்து ஒருவரின் நிலையை எடைபோடக் கூடாது. செயல்திறனோடு அதிகம் தொடர்புடையவை, சிறு அடைப்புகள் விட்டுச்சென்ற குழிகளின் எண்ணிக்கையும் மூளை சுருங்கிய அளவும்தான். அறிக்கை கைக்கு வந்தால் முதலில் அந்த இரண்டைப் பற்றிக் கேளுங்கள்.

சொன்னால்தான் எழுகிறார், சொன்னால்தான் குளிக்கிறார். இது நோயா, சோம்பேறித்தனமா?

இந்தக் கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. நோயாளி அறையை விட்டு வெளியே போனதும் கதவோரம் நின்று மெதுவாகக் கேட்பார்கள். பதில்: நோய். இதற்கு நாட்டமின்மை என்று பெயர். கடாசில் உள்ளவர்களில் பத்தில் நான்கு பேருக்கு இது இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன.

நெற்றிக்குப் பின்னே இருக்கும் முன்மடல்தான் 'எழு, தொடங்கு' என்ற உந்துதலைத் தருகிறது. ஆனால் அது தனித்து இயங்குவதில்லை. மூளையின் ஆழத்தில் உள்ள நரம்புக் கணுக்களுக்குப் போய்த் திரும்பும் கம்பிச் சுற்றுகள் வழியாகவே வேலை செய்கிறது. அந்தக் கம்பிகள் போகும் பாதைதான் கடாசில் அடைப்புகள் விழும் இடம். விசையும் விளக்கும் நன்றாக இருந்தும் நடுவில் கம்பி அறுந்த நிலை இது. ஆழத்தில் ஓர் அடைப்பு ஏற்பட்ட பின், அதனோடு நரம்பிழைகளால் இணைந்த மேற்புறணிப் பகுதி மெலிவதை எம்.ஆர்.ஐ ஆய்வுகளில் அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

மனச்சோர்வும் இதுவும் ஒன்றல்ல. மனச்சோர்வு உள்ளவர் வருந்துவார். தன்னைத் தானே நொந்துகொள்வார். நாட்டமின்மை உள்ளவருக்குப் பெரும்பாலும் வருத்தம் இருக்காது, வருந்துபவர்கள் சுற்றியிருப்பவர்கள்தான். இரண்டும் சேர்ந்தும் வரலாம். மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு என்பதால் மருத்துவரிடம் பிரித்துச் சொல்வது முக்கியம். வீட்டில் நான் கண்டவரை உதவுவது இது: 'உனக்கு என்ன வேண்டும்?' என்று கேட்காமல், 'குளிக்கலாம், வா' என்று தொடங்கிவைப்பது. தொடங்கிவிட்டால் பலர் தாமாகவே முடித்துவிடுகிறார்கள். திட்டுவதால் கம்பி ஒட்டுவதில்லை.

அப்படியானால் இது அல்சைமர் மாதிரியா?

முடிவில் இரண்டும் மறதிநோய் என்ற ஒரே பெயருக்குள் வரலாம். வரும் வழி வேறு. அல்சைமரில் புதிய செய்தி மூளையில் பதிவதே பழுதாகிறது. கடாசிலில் பதிந்தது இருக்கும்; எடுப்பதற்குத்தான் நேரமாகும். ஒரு பெயர் நினைவுக்கு வராதபோது முதலெழுத்தைச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் வந்துவிடும்.

முதலில் குறைவது சிந்தனையின் வேகம். அதோடு திட்டமிட்டு வரிசையாகச் செய்யும் திறன். ஒரே நேரத்தில் இரண்டு வேலை, எண்ணிச் செலவு செய்தல், இடையில் தடைபட்ட வேலைக்குத் திரும்புதல் ஆகியவற்றில் தடுமாற்றம் தெரியும். சாதாரண நினைவாற்றல் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கிவிட்டு வேலையிடத்தில் தோற்றுப்போவார்கள். ஆகவே, வேகத்தையும் திட்டமிடலையும் அளக்கும் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

காரணமே இல்லாமல் அழுகிறார். சில நேரம் சிரிக்கிறார்.

உணர்ச்சியை வெளிக்காட்டும் தசைகளின் கடிவாளம் தளர்ந்ததன் விளைவு. உள்ளே அந்த அளவுக்குத் துக்கமோ மகிழ்ச்சியோ இருக்காது. மருந்து உண்டு, கேளுங்கள். விழுங்கும்போது புரையேறுதல், குழறும் பேச்சு, சிறு அடி வைத்து நடத்தல், சிறுநீரை அடக்க முடியாமை ஆகியவையும் பிற்கட்டத்தில் இதே கம்பி அறுந்த கணக்கில் வருபவை. புரையேறுவதை அலட்சியப்படுத்த வேண்டாம், நுரையீரல் தொற்றுக்கு அதுவே வாசல்.

எனக்குப் பத்து ஆண்டுகளாக மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்று ஊசி போட்டார்கள். இப்போது கடாசில் என்கிறார்கள். எப்படி நம்புவது?

கோபம் நியாயமானது. இந்தத் தவறு உலகெங்கும் நடக்கிறது. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்பது உடலின் எதிர்ப்பாற்றலே மூளை, தண்டுவட நரம்பிழைகளைத் தாக்கும் நோய். இரண்டிலும் இளவயதில் வெண்பொருளில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். வேறுபாடுகள் நுணுக்கமானவை: பொட்டுமடல் நுனி பாதிக்கப்படுவது (மேலே சொன்னது), தண்டுவடம் பெரும்பாலும் தப்புவது, தண்டுவட நீரில் எதிர்ப்பாற்றல் புரதப் பட்டைகள் வழக்கமாக இல்லாதது, எல்லாவற்றுக்கும் மேல் குடும்ப வரலாறு. நாட்ச்-3 சோதனை முடிவு தெளிவாக இருந்தால் அதை நம்பலாம். எதிர்ப்பாற்றலை அடக்கும் பழைய மருந்தைத் தொடர்வதா என்பதை உடனே மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

எனக்கும் வருமா? ஒரு தலைமுறை விட்டு மறு தலைமுறைக்குத் தாவுமா?

பெற்றோரில் ஒருவருக்கு மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 விழுக்காடு வாய்ப்பு. ஆணா பெண்ணா, மூத்தவரா இளையவரா, முகச்சாயல் யாருடையது என்பதெல்லாம் கணக்கில் இல்லை. அக்காவுக்கு இல்லை என்பதால் உங்கள் வாய்ப்பு கூடுவதுமில்லை. தாவாது: உங்களிடம் மாற்றம் இல்லையென்றால் உங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் வழியாகப் போகாது. தாவியது போலத் தோன்றும் குடும்பங்களில், நடுவில் இருந்தவர் மிதமான நோயோடு வாழ்ந்திருப்பார், அல்லது அறிகுறி வரும் முன்பே வேறு காரணத்தால் இறந்திருப்பார்.

கராசில் என்று ஒலிப்பில் நெருங்கிய வேறொரு நோய் உண்டு. அது எச்.டி.ஆர்.ஏ.1 என்ற மரபணுவால் வருவது. இளவயதில் முடி உதிர்தலும் முதுகுவலியும் சேர்ந்திருக்கும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாற்றம் வந்தால்தான் முழு நோயாகும். அறிக்கையில் எந்தப் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை கூர்ந்து பாருங்கள்.

எந்த அறிகுறியும் இல்லை. பரிசோதனை செய்துகொள்ளவா, வேண்டாமா?

அது உங்கள் உரிமை, கடமை அல்ல. தெரிந்துகொள்வதால் புகையிலையை விடவும், இரத்த அழுத்தத்தைக் கவனிக்கவும், குழந்தை பற்றி முடிவெடுக்கவும் உதவும். தெரியாமல் வாழ்வதே நிம்மதி என்பவரும் உண்டு, அவர் சொல்வதிலும் தவறில்லை. சோதனைக்கு முன்பும் பின்பும் ஆலோசனை அவசியம். ஆயுள் காப்பீடு போன்றவற்றையும் முன்பே யோசியுங்கள். அறிகுறியில்லாத சிறுவர்களுக்குச் சோதனை செய்வதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வளர்ந்த பின் அவர்களே முடிவு செய்யட்டும்.

மாற்றம் இருப்பது உறுதியாகிவிட்டது. முதல் பக்கவாதம் எந்த வயதில் வரும் என்று சொல்ல முடியுமா?

முடியாது. மரபணு அறிக்கை நாள்காட்டி அல்ல. ஒரு திசை மட்டும் காட்டலாம். மாற்றம் 34 கண்ணிகளில் முதல் ஆறுக்குள் இருந்தால் நோய் பொதுவாகச் சீக்கிரமாகவும் கடுமையாகவும் வருகிறது. ஏழாவது முதல் 34 வரை இருந்தால் சராசரியாகப் பிந்துகிறது. மக்கள்தொகை மரபணுத் தரவுகளைத் துழாவியபோது, இத்தகைய சிஸ்டீன் மாற்றம் ஏறக்குறைய 300 முதல் 450 பேருக்கு ஒருவரிடம் இருப்பது தெரியவந்தது. ஆனால் மருத்துவமனைகளில் அடையாளம் காணப்படுவோர் லட்சத்துக்கு ஒரு சிலரே. அதாவது மாற்றத்தைச் சுமந்தும் முதுமைவரை பெரிய தொல்லையின்றி வாழ்பவர்கள் நாம் நினைத்ததைவிட மிக அதிகம்.

ஒரே வீட்டில், ஒரே மாற்றத்தோடு, அண்ணன் நாற்பதில் படுத்துவிட தங்கை அறுபதில் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பதும் உண்டு. தெரிந்த காரணங்களில் இரண்டு நம் கையில் இருப்பவை: புகைத்தலும் உயர் இரத்த அழுத்தமும். இன்னொன்று: சிஸ்டீன் எண்ணிக்கையைக் கலைக்காத மாற்றம் ஒன்று அறிக்கையில் இருந்தால், அதை வைத்து மட்டும் கடாசில் என்று முடிவுகட்ட வேண்டாம்.

குணப்படுத்த மருந்து இல்லை என்கிறீர்கள். பிறகு மருத்துவரிடம் எதற்குப் போவது?

படிவைக் கரைக்கும் மருந்து இன்றைக்கு இல்லை என்பது உண்மை. அல்சைமருக்குத் தரும் டோனெபெசில் மருந்தை 168 கடாசில் நோயாளிகளிடம் சோதித்து 2008-இல் முடிவு வெளியிட்டார்கள். முதன்மை அளவுகோலில் பயன் தெரியவில்லை. 'நினைவாற்றல் மாத்திரை' என்று யாராவது நம்பிக்கை ஊட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. புகையிலையை அறவே விடுவது முதலிடம். இதில் நான் சமரசம் பேசுவதில்லை. அடுத்தது இரத்த அழுத்தம், சர்க்கரை. அடைப்பு வகைப் பக்கவாதம் வந்தவர்களுக்கு, இரத்தம் உறைவதைக் குறைக்கும் ஆஸ்பிரின் போன்ற ஒரு மருந்தை வழக்கமாகத் தருகிறார்கள். இத்தகைய இரண்டு மருந்துகளைச் சேர்த்து நெடுங்காலம் தருவதை மருத்துவர்கள் பெரும்பாலும் தவிர்ப்பார்கள், ஏனெனில் பலருடைய மூளையில் நுண்ணிய இரத்தக் கசிவுகளும் இருக்கின்றன. தலைவலிக்கு இரத்தக்குழாயைச் சுருக்கும் மாத்திரைகளைக் கேட்காமல் கடையில் வாங்கிப் போடாதீர்கள். மனச்சோர்வு, வலிப்பு, நடைப்பயிற்சி, விழுங்கும் பயிற்சி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே உதவி உண்டு.

அவசர சிகிச்சைப் பிரிவில் என்ன சொல்ல வேண்டும்?

'கடாசில் இருக்கிறது' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். எழுதிப் பையில் வைத்திருங்கள். பழைய எம்.ஆர்.ஐ படம் கையில் இருந்தால் புதிய புள்ளி எது, பழையது எது என்று அவர்களுக்குத் தெரியும். உறைவைக் கரைக்கும் ஊசியைக் கடாசில் என்ற ஒரே காரணத்துக்காக மறுக்க வேண்டியதில்லை என்று பல நிபுணர்கள் கருதுகிறார்கள். கசிவுகளைப் பார்த்து அங்கிருக்கும் மருத்துவர் முடிவெடுப்பார். தமனிக்குள் குழாய் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோ படம் இந்த நோயில் சிக்கலை உண்டாக்கியதாக 1997-லேயே எழுதியிருக்கிறார்கள். மிக அவசியமென்றாலொழிய அதைத் தவிர்ப்பார்கள். மயக்க மருந்து தேவைப்படும் எந்த அறுவை சிகிச்சைக்கு முன்பும் இதே வாக்கியம்தான், ஏனெனில் இரத்த அழுத்தம் திடீரென்று விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கருவுற்றால் ஆபத்தா?

பெரும்பாலான பெண்களுக்கு நல்லபடியாகவே முடிகிறது. பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் முன்னறிகுறித் தலைவலியும் மரத்துப்போதலும் சிலருக்குக் கூடுதலாக வருகின்றன. மகப்பேறு மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும்படி செய்யுங்கள். மாற்றம் பிள்ளைக்குப் போகக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு, கருப்பைக்கு வெளியே உருவாக்கிய கருவைச் சோதித்துப் பதிக்கும் வழி இருக்கிறது.

கடைசியாக, எத்தனை ஆண்டு வாழலாம்?

411 பேரைப் பின்னோக்கி ஆராய்ந்து 2004-இல் வெளியான ஆய்வில், இறப்பின் இடைநிலை வயது ஆண்களுக்கு 64.6, பெண்களுக்கு 70.7. இந்த எண்ணை நான் மறைப்பதில்லை, தேடினால் கிடைத்துவிடும். ஆனால் அவர்கள் அறிகுறி முற்றியதால் அன்று அடையாளம் காணப்பட்டவர்கள். முதல் பக்கவாதத்தின் வயதைப் பற்றிய பதிலில் சொன்ன மிதமான நோயாளிகள் அந்தக் கணக்கில் மிகக் குறைவு.

தம்பிக்குச் சொல்லலாமா? அவன் பயந்துவிடுவான்.

சொல்லலாம், ஆனால் அலைபேசியில் ஒரு வரியாக வேண்டாம். 'எனக்கு இப்படி ஒரு நோய் இருக்கிறது. இது பரம்பரையாக வருவது. உனக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தெரிந்துகொள்வது உன் விருப்பம்' என்ற அளவில் நேரில் சொல்லி, மருத்துவர் தந்த கடிதத்தின் நகலைக் கொடுத்துவிடுங்கள். அவர் அதை அன்றே படிக்க மாட்டார். சில மாதங்கள் கழித்து, தலைவலி வந்த ஒரு நாளில் எடுத்துப் படிப்பார்.